காலைச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று

ஜூன் 3, திங்கள்

தினமும் ஒரு நோட்டில் எழுதி வரும்படி டாக்டர் நஸ்ரின் சொன்னார். என்ன சாப்பிட்டேன், மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டேன், எவ்வளவு நேரம் தூங்கினேன், உடம்பில் புதிதாக என்ன தெரிகிறது. என் மகள் ஆவுடை பாதியில் விட்ட வேதியியல் நோட்டின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வாரம் கால் முழுக்கக் கடுகளவு சிவப்புப் புள்ளிகள் வந்தன. பல் தேய்த்தால் ரத்தம். உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயம் ஊற வைத்துக் குடித்தேன். வியாழக்கிழமை வேலையிடத்தில் கேட் கைப்பிடியைச் சுற்றிவிட்டுப் பார்த்தால் உள்ளங்கை இரண்டும் நாவல்பழத்தை நசுக்கினாற்போல இருந்தன. பெரியாஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். ரத்தம் உறைவதற்கான தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். எனக்கு ஒன்பதாயிரம்.

"எங்க போச்சு டாக்டர் எல்லாம்?"

"உங்க உடம்பே அழிக்குது. சொந்த அணுவையே வேத்தாள்னு நினைச்சு அடிக்குது. அதைக் கொஞ்சம் அடக்கி வைக்கணும்."

அடக்கி வைக்கிற மாத்திரையின் பெயர் பிரெட்னிசலோன். இருபது மில்லிகிராம், காலைச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று. வயிறு புண்ணாகாமல் இருக்க வேறொன்று, அது சாப்பாட்டுக்கு முன். எலும்புக்கு ஒன்று. அவர் சொன்னவற்றை அப்படியே குறித்திருக்கிறேன். வெறும் வயிற்றில் போடக் கூடாது. உப்பு, ஊறுகாய், அப்பளம் குறைக்க வேண்டும். கடையில் வலி மாத்திரை வாங்கித் தின்னக் கூடாது. அம்மை, காய்ச்சல் கண்டவர்கள் பக்கம் போகக் கூடாது. நாமாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது. இந்தக் கடைசியைச் சீட்டில் எழுதி, அடியில் சிவப்பு மையில் கோடு போட்டார். தூக்கத்தைப் பற்றியும் மனசைப் பற்றியும் ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது அடுத்த ஆளை உள்ளே விட்டுவிட்டார்கள். நான் எழுந்துவிட்டேன்.

என்ன வேலை என்று கேட்டார். "ரயில்வேயில" என்றேன். எழுதிக்கொண்டார். மேலே கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் 5, புதன்

மாத்திரை 8.10. நான்கு இட்லி. மாத்திரை நாக்கில் பட்டால் கசப்பு மதியம் வரை நிற்கிறது.

இந்த நோட்டை டாக்டரிடம் காட்டப் போவதில்லை. அவருக்குத் தனித் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். நான் கேட் கீப்பர் என்று தெரிந்தால் வேலைக்குப் போகாதே என்பார். ரயில்வேயில் சிக் லீவு எழுதிக் கொடுத்தால் ரயில்வே டாக்டரிடம் போய்த்தான் ஃபிட் சான்றிதழ் வாங்க வேண்டும். கேட்டில் நிற்பவர்களுக்குக் கண், காது, ரத்தம் என்று எல்லாம் பார்ப்பார்கள். என் ரத்தத்தைப் பார்த்தால் கேட்டை விட்டு எடுத்துவிடுவார்கள். அதனால் வீட்டில் விசேஷம் என்று சொந்த லீவில் இருக்கிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் பிரான்சிஸ் சார், "என்ன விசேஷம்மா?" என்று கேட்டார். மகளுக்குக் காதுகுத்து என்று வாயில் வந்துவிட்டது. ஆவுடைக்குப் பதினேழு வயது.

இது என் வீட்டுக்காரர் லிங்கத்துரை நெஞ்சுவலியில் போன பிறகு, அவருடைய ரயில்வே வேலைக்கு வாரிசாக எனக்குக் கொடுத்த வேலை. நான்கு வருடமாக அந்தக் கேட்தான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு.

ஜூன் 9, ஞாயிறு

புதுப் புள்ளி இல்லை. பசி. சாப்பிட்ட தட்டைக் கழுவும்போதே பசி.

ஜூன் 14, வெள்ளி

இன்று ரத்தப் பரிசோதனை. அறுபத்தெட்டாயிரம். டாக்டர் சிரித்தார். "நல்லா வேலை செய்யுது. இதே அளவு இன்னும் மூணு வாரம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறக்கலாம்" என்றார். தூக்கம் எப்படி என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். மூன்று மணி நேரம்தான் தூங்குகிறேன். ஆனால் எழுந்தால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆகவே அது பொய் இல்லை.

உண்மையில் இவ்வளவு நன்றாக நான் இருந்ததே இல்லை. வீட்டிலுள்ள பாத்திரங்கள் அனைத்தையும் புளி போட்டுத் தேய்த்தேன். பரணில் இருந்ததை இறக்கித் துடைத்து வேறு விதமாக அடுக்கினேன். அது பிடிக்காமல் பழையபடியே அடுக்கினேன். அவர் இறந்ததிலிருந்து தொடாமல் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ஒன்பது சட்டைகள். அழுகை வரவில்லை. கத்தரியை எடுத்து எல்லாவற்றையும் வெட்டித் தலையணை உறை தைத்தேன். பதினெட்டு உறை வந்தது. எங்கள் வீட்டில் தலையணை மூன்று.

ஆவுடை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அந்த உறைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பாவோட கட்டம் போட்ட சட்டையையுமாம்மா வெட்டிட்ட?"

"நல்ல பருத்தித் துணிட்டி. பெட்டிக்குள்ள வீணாத்தான போகுது."

ஒரு உறையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நல்ல பிள்ளை. மடித்து வைக்க உதவுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

டூட்டியில் சேர்ந்தேன். காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை நான். அதன் பிறகு சுடலையாண்டி அண்ணாச்சி. அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே கேங்கில் தண்டவாளம் பார்த்தவர்கள். கால் முறிந்த பிறகு அவரைக் கேட்டுக்கு மாற்றினார்கள். அண்ணி முறை வைத்து என்னை மயினி என்று கூப்பிடுவார். எனக்கு முடியாத நாளில் என் முறையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்.

வேலை இவ்வளவுதான். வண்டி புறப்படும்போது ஸ்டேஷனிலிருந்து போன் வரும். நான் வெளியே போய்க் கைப்பிடியைச் சுற்றி, கம்பங்கள் இரண்டையும் இறக்கிப் பூட்டிவிட்டு வந்து, போனில் ஒரு எண் சொல்ல வேண்டும். பிரைவேட் நம்பர் என்பார்கள். வரிசையாக அச்சடித்த தாள் கேபினில் இருக்கும். எங்கள் கேட்டுக்கும் சிக்னலுக்கும் தொடர்பு கிடையாது. நான் அந்த எண்ணைச் சொல்லிவிட்டால் கேட் மூடியாயிற்று என்று சத்தியம் செய்தது போல. அதை நம்பித்தான் வண்டி வரும். பிறகு ரிஜிஸ்டரில் எண், 'மூடப்பட்டது', கையெழுத்து.

இத்தனை நாள் இதை எவ்வளவு மந்தமாகச் செய்திருக்கிறேன் என்று இன்றுதான் தெரிந்தது. தினமும் அதே வண்டிகள், அதே வார்த்தை, அதே கையெழுத்து. காலையிலேயே எல்லாக் கட்டங்களையும் எழுதி வைத்துவிட்டால் நேரம் மிச்சம். மிச்ச நேரத்தில் கேபின் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன்.

"லெட்சணமா இருக்கு மயினி" என்றார் அண்ணாச்சி. சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "மூஞ்சி என்ன இப்படி ஊதிக் கெடக்கு?"

"லீவுல நல்லாச் சாப்பிட்டேன்."

ஜூன் 24, திங்கள்

கேபினில் யாரோ பொருட்களை இடம் மாற்றுகிறார்கள். சிவப்புக் கொடி ஜன்னல் பக்கம் இருந்தது, இன்று கதவுப் பக்கம் இருக்கிறது. நான் மாற்றியிருந்தால் எனக்குத் தெரியாதா. கேபினுக்குள் வருவது நானும் அண்ணாச்சியும் இரவு பத்து மணிக்கு மேல் வரும் தற்காலிகப் பையனும்தான். பையனுக்கு அவ்வளவு அக்கறை கிடையாது.

இன்னொன்று. பிரான்சிஸ் சார் நான் எண் சொன்னதும், "என்னது? மறுபடி சொல்லு" என்கிறார். ஒவ்வொரு வண்டிக்கும் இப்படி. நான் வேகமாகச் சொல்கிறேனாம். நான்கு வருடமாகப் புரிந்த குரல் இப்போது ஏன் புரியவில்லை? என்னைக் குழப்பிப் பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். வட்டமாக, யாரோ ஒருத்தி.

ஜூன் 27, வியாழன்

ரசத்தில் உப்பே இல்லை என்று ஆவுடையிடம் சொன்னேன். "டாக்டரம்மா குறைக்கச் சொன்னதா நீதானம்மா சொன்ன" என்றாள். அவள் சொன்ன விதம் சரியில்லை. தட்டை நான் எறியவில்லை. கையிலிருந்து வழுக்கிவிட்டது. எதிர்ச் சுவர் வரைக்கும் வழுக்கிவிட்டது.

அவள் சோற்றைப் பெருக்கி அள்ளினாள். அப்போது போனில் யாரிடமோ மெதுவாகப் பேசினாள். என் பெயர் காதில் விழுந்தது.

ஜூலை 2, செவ்வாய்

மாத்திரை 5.15, பன்னும் டீயும் சாப்பிட்டு. மதியம் 1.40 வண்டி கேட் பக்கம் நின்று, பதினான்கு நிமிடம் கழித்துப் போனது. யாருக்கும் ஒன்றும் இல்லை. சாயந்தரம் தூறல். கொடியில் கிடந்த துணி நனைந்துவிட்டது.

ஜூலை 3, புதன்

வேலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். பன்னிரண்டாம் தேதி விசாரணை. நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழப்பிவிடுவார்கள்.

1.28க்கு போன் வந்தது. வெளியே போனேன். கைப்பிடியைச் சுற்றினேன். ஒரு பெரியவர் சைக்கிளோடு குனிந்து நுழையப் பார்த்தார், சத்தம் போட்டேன், நின்றுகொண்டார். பூட்டினேன். உள்ளே வந்து 47 என்று எண் சொன்னேன். எல்லாம் கண்ணுக்குள் நிற்கிறது. கைப்பிடி சுட்டதுகூட.

அவர்கள் சொல்வது இது. கேட் திறந்தே கிடந்தது. எல்.கே.ஜி. பிள்ளைகளை ஏற்றிய பள்ளிக்கூட வேன் தண்டவாளத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. ரயில் ஊதிக்கொண்டே வந்தது. டூட்டிக்குச் சீக்கிரமே வந்த அண்ணாச்சி, தன் சைக்கிளை வேனுக்கு முன்னால் தள்ளிவிட்டுக் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். வேன் அவர் இடுப்பில் இடித்து நின்றது. ரயில் கேட்டைத் தாண்டி நான்கு பெட்டி தூரம் போய் நின்றது. வேனுக்குள் பதினொரு பிள்ளைகள்.

அந்த நேரத்தில் நான் கேபினுக்குள் ஜன்னல் கம்பியை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேனாம். சத்தம் கேட்டும் வெளியே வரவில்லையாம்.

தேய்த்தது உண்மை. ஆனால் மூடினேன். மூடாமல் அந்தச் சைக்கிள் பெரியவரை எங்கிருந்து பார்த்தேன்?

ஜூலை 5, வெள்ளி

அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். இடுப்பில் பெல்ட். உட்கார்ந்தால் வலிக்கிறது என்று நின்றுகொண்டே பேசினார்.

"மயினி, பன்னெண்டாந்தேதி என்னையும் வரச் சொல்லியிருக்காங்க. கைப்பிடிச் சக்கரத்துல பல்லு வழுக்குதுன்னு நான் சொல்லப் போறேன். நீங்களும் அதையே சொல்லிருங்க. இறக்கினேன், தானா ஏறிட்டுன்னு."

"பல்லு வழுக்கலையே."

"வழுக்கலதான். சொல்லுங்கங்கேன். ரிஜிஸ்டரப் பத்தி மட்டும் நீங்களா வாயத் தொறக்காதீங்க. அத நான் பாத்துக்கிடுதேன்."

என் ரிஜிஸ்டரை இவர் ஏன் பார்த்துக்கொள்ள வேண்டும்? எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

"நான் மூடின கேட்டத் தொறந்ததே நீங்கதான அண்ணாச்சி? தொறந்து விட்டுட்டு, வேன நிறுத்தி நல்ல பேரு வாங்கிட்டீங்க."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "மயினி, உங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார்.

வெளியே போகச் சொன்னேன். ஆவுடை அவர் பின்னாலேயே தெருமுனை வரை போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. என்ன பேசினாய் என்று கேட்டால் ஒண்ணுமில்லை என்கிறாள்.

ஜூலை 6, சனி

பக்கத்து குவார்ட்டர்ஸ் கோமதி அக்கா மோர் வாங்க வந்தவள், அலமாரியில் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"இது ஸ்டீராய்டுல்லா மாரிக்கனி. எங்க கொழுந்தனுக்கு முட்டுவலிக்குப் பொடின்னு சொல்லி இதக் கலந்துதான் ஒருத்தன் குடுத்தான். மூஞ்சி பூசணிக்காயாட்டம் ஆயி, எலும்பெல்லாம் பொடிஞ்சு போச்சு. உன் மூஞ்சியப் பாரு. இன்னைக்கே நிறுத்து."

சீட்டில் சிவப்புக் கோடு போட்டிருப்பதைச் சொன்னேன். "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். கடைசியாகப் பார்த்தபோது தட்டணு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். புள்ளி மறைந்து ஒரு மாதம் ஆகிறது. வியாதி இல்லாதவளுக்கு மருந்து எதற்கு? விசாரணைக்குத் தெளிந்த தலையோடு போக வேண்டும். மூன்று அட்டைகளையும் குப்பையில் போட்டேன். டாக்டருக்கான தாளில் வழக்கம் போல மாத்திரை 8.10 என்று எழுதினேன்.

ஜூலை 8, திங்கள்

முட்டு, தோள், விரல் எல்லாம் வலி. மருந்து உடம்பை விட்டுப் போகிறது என்று கோமதி அக்கா சொல்கிறாள். பசி அடியோடு போய்விட்டது. கண்ணில் தூக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

வாந்தி. எழுந்தால் தரை சாய்கிறது. ஆவுடை பரீட்சைக்குப் போகவில்லை. போகச் சொன்

ஜூலை 14, ஞாயிறு

ஆஸ்பத்திரி. இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது.

புதன்கிழமை காலை குளியலறையில் விழுந்திருக்கிறேன். ஆவுடை போன் செய்த பத்து நிமிடத்தில் அண்ணாச்சி ஆட்டோவோடு வந்தாராம். அந்த இடுப்போடு என்னைத் தூக்கினாராம். ரத்த அழுத்தம் அளவெடுக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்ததாம். ஊசியும் சலைனும் ஏற்றி இரண்டு நாள் கழித்துத்தான் ஆளைத் தெரிந்தது.

டாக்டர் நஸ்ரின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் இந்த வேதியியல் நோட்டு இருந்தது.

"உங்க பொண்ணுதான் குடுத்தா. முழுக்கப் படிச்சுட்டேன். கோவப்படாதீங்க."

கோபப்பட உடம்பில் எதுவும் இல்லை.

"நம்ம கிட்னிக்கு மேல சின்னதா ஒரு சுரப்பி இருக்கு மாரிக்கனி. நீங்க போட்ட மாத்திரையில இருக்கற மாதிரி ஒரு ஹார்மோன அது தினமும் சுரக்கும். அது இல்லாம உடம்பு நிக்காது. ஒரு மாசத்துக்கு மேல நாம வெளியில இருந்து நெறையக் குடுத்ததால, நம்ம வேலை முடிஞ்சுதுன்னு அது தூங்கிப் போச்சு. நீங்க ஒரே நாள்ல நிறுத்திட்டீங்க. வெளியில இருந்தும் வரல, உள்ளயும் சுரக்கல. படிப்படியா இறக்கினாத்தான் அது மெல்ல முழிச்சு வேலைய ஆரம்பிக்கும்."

"எலும்பு பொடிஞ்சிரும்னாங்க."

"வருஷக்கணக்கா, அளவு தெரியாமத் தின்னா பொடியும். அதுக்குத்தான் எலும்புக்கு மாத்திரை, அதுக்குத்தான் சீக்கிரம் இறக்கறோம்." பிறகு நோட்டின் பக்கங்களைப் புரட்டினார். "இன்னொண்ணு. தூக்கம் இல்லாம, ஒரேயடியா சந்தோஷமா, அப்புறம் கோவம், சந்தேகம். இது இந்த மருந்து பண்றது. எல்லாருக்கும் இல்ல. அளவு கூடுறப்ப சிலருக்கு. மொத நாளே இதைச் சொல்லி முடிச்சிருக்கணும், கூட்டத்துல விட்டுட்டேன். நீங்க தூங்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே பிடிச்சிருப்பேன்."

"அப்ப நான் கேட்ட மூடினது?"

"அது எனக்குத் தெரியாது. நடந்ததா நீங்க உறுதியா நம்புற ஒண்ணு நடக்காம இருந்திருக்கலாம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

ஜூலை 16, செவ்வாய்

இப்போது நாற்பது மில்லிகிராம். படுக்கையில் கிடந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். எது நான் செய்தது, எது மாத்திரை செய்தது? தட்டு? சட்டைகள்? அண்ணாச்சியைச் சொன்னது? காதுகுத்து என்று பொய் சொன்னபோது மாத்திரை தொடங்கி இரண்டு நாள்தான். அது நான்தான் என்று நினைக்கிறேன். லீவைத் திருட்டுத்தனமாகப் போட்டதும் நான்தான்.

சைக்கிள் பெரியவர் ஞாபகம் வந்தது. பால்கேனை மாட்டிக்கொண்டு போகிறவர். அவர் தினமும் பதினொரு மணி வண்டிக்குத்தான் கேட்டில் நிற்பார். ஒன்றரை மணிக்கு அவரை ஒருநாளும் பார்த்ததில்லை.

இதை எழுதிவிட்டு நோட்டை மூடினேன். திரும்பத் திறந்து படித்தேன். அப்படியேதான் இருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

எனக்காக விசாரணையைத் தள்ளிப்போட்டு இன்று வைத்தார்கள். ஆவுடை கையைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். வெளியே பெஞ்சில் அண்ணாச்சி. என்னைப் பார்த்ததும் "பல்லு வழுக்குது" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அதிகாரி ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."

"மணி 1.40க்கு ரயில் நின்னுச்சு. ரிஜிஸ்டர 1.55க்குக் கைப்பற்றியாச்சு. இந்தக் கடைசி ரெண்டு வரியைப் படிங்க."

படித்தேன். மாலை 5.20 வண்டி, மூடப்பட்டது, என் கையெழுத்து. அதற்குக் கீழே 8.05 வண்டி, மூடப்பட்டது, என் கையெழுத்து. அண்ணாச்சியின் முறையில் வரும் வண்டிகளுக்கும் நானே மூடியிருந்தேன். பிரைவேட் நம்பர் தாளில் எண்களை எல்லாம் அடித்திருந்தேன். அடுத்த நாளுக்கானதையும்.

அந்தக் கையெழுத்து அழகாக இருந்தது. நான் அவ்வளவு அழகாக எழுதுகிறவளே இல்லை.

"கைப்பிடியில ஏதும் கோளாறு இருந்துச்சா?" என்று அதிகாரி கேட்டார். கேள்வியை அவரே எனக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரி இருந்தது. ஆம் என்று ஒரு வார்த்தை போதும். வெளியே இருப்பவர் அதையே வந்து சொல்வார்.

ஆம் என்றால் கேட் திரும்பக் கிடைக்கும். திரும்பப் போய் நிற்பேன். போன் வரும். மூடினேனா என்று எனக்கு எப்படித் தெரியும்?

"இல்ல சார். கைப்பிடி நல்லாத்தான் இருக்கு. நான் மூடல."

பிறகு நோய், மாத்திரை, காதுகுத்து லீவு, நானாக நிறுத்தியது எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கொடுத்தேன். ஓரத்தில் இருந்தவர், "மொதல்லயே சொல்லியிருந்தா உங்களுக்கு வேற வேலை குடுத்திருப்போம்லம்மா" என்றார். அது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி எழுந்தார்.

"நான் மூடலன்னு சொல்லிட்டேன் அண்ணாச்சி. நீங்க உள்ளதச் சொல்லுங்க."

சரி என்று தலையை ஆட்டினார்.

"அன்னைக்கு வீட்டுல வச்சு உங்கள நான் சொன்னது..."

"விடுங்க மயினி. அன்னைக்கே தெருமுனையில வச்சு ஆவுடை எல்லாஞ் சொல்லிட்டா." உள்ளே கூப்பிட்டார்கள். காலை இழுத்துக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. ஒரு வருட இன்கிரிமென்ட் இல்லை. இனிமேல் கேட் கிடையாது. ஸ்டேஷனில் பெண்கள் காத்திருப்பு அறையில் வேலை.

மாத்திரை இப்போது பதினைந்து மில்லிகிராம். முகம் வற்றுகிறது. கன்ன எலும்பு தட்டுப்படுகிறது. டாக்டரிடம் கேட்டேன்: ஜூன் மாதம் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேனே, அது என்னுடையதா, மாத்திரையுடையதா?

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். "எனக்கு உண்மையிலேயே தெரியல" என்றார்.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பதினேழு உறைகள் மடித்தபடி இருந்தன. பதினெட்டாவது ஆவுடையின் பாயில், அவள் தலையணையில் இருந்தது. கட்டம் போட்டது. முகத்தை வைத்துப் பார்த்தேன். அவர் வாசனை எல்லாம் இல்லை. சோப்பு வாசனைதான். நான்கு வருடம் கழித்து உட்கார்ந்து அழுதேன். ஆவுடை வந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஐந்து மில்லிகிராம். தட்டணு ஒரு லட்சத்து அறுபதாயிரம். எட்டு மணி நேரம் தூங்குகிறேன். காத்திருப்பு அறையில் வேலை பழகிவிட்டது. பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், நானும் பார்த்துக்கொள்கிறேன். 1.40 வண்டி வரும்போது மட்டும் கழிவறையைக் கழுவப் போய்விடுவேன்.

ஒரு விஷயம் இன்னும் சரியாகவில்லை. ஆவுடை வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடக்கிறாள். நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறாள். தட்டை என் முன்னால் வைக்கும்போது ஒரு கையால் பிடித்தபடியே வைக்கிறாள். நானும் அவளிடம் எதற்கும் சத்தம் போடுவதில்லை. கோபம் வந்தால் அது யாருடைய கோபம் என்று முதலில் யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசித்து முடிப்பதற்குள் கோபம் போய்விடுகிறது.

இன்று காலை அவளிடம் பால் காய்ச்சச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் தெருவிலேயே தீய்ந்த வாடை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, பாத்திரம் கரியாகி நின்றது. அவள் போனைப் பார்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு பிடரியிலயாட்டி இருக்கு? ஒரு லிட்டர் பாலு. அடுப்புல வச்சிட்டு அப்படி என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு?"

அவள் போனை வைத்துவிட்டுச் சுவரோரமாக எழுந்து நின்றாள். என் முகத்தையே பார்த்தாள்.

"யம்மா, இது மாத்திரையா?"

நான் நின்று யோசித்தேன். தலை தெளிவாக இருந்தது. பால் தீய்ந்த நாற்றம் மட்டும் இருந்தது.

"இல்லட்டி. இது நான்தான்."

அவள் சுவரை விட்டு நகர்ந்து வந்து, கரிப்பாத்திரத்தை எடுத்துத் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

"அப்பச் சரி. திட்டு" என்றாள்.